கிணற்றில் விட்ட கெண்டை

கொங்கு நாட்டில் கிணறு வெட்டி ஊற்றுக் கண்டதும் அதில் மீன் விடுவது பழைய வழக்கம். ஆற்றிலோ குளத்திலோ பிடித்த கெண்டைக் குஞ்சுகளைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்றுவார்கள். சில தோட்டங்களில் ஆமையும் விடுவதுண்டு. மீன் இருந்தால் புழு பூச்சியைத் தின்றுவிடும், தண்ணீர் கெடாது என்பது பெரியவர்கள் சொன்ன காரணம். மீன் செத்து மிதந்தால் தண்ணீரில் ஏதோ கலந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, அன்றைக்கு யாரும் அந்தக் கிணற்றில் சேந்த மாட்டார்கள்.

இந்த எளிய வழக்கத்துக்குப் பின்னால் ஒரு நோயின் நெடிய வரலாறு இருக்கிறது. குடிநீர் வழியே உடலுக்குள் போய், ஓராண்டு ஒளிந்திருந்து, ஒரு மீட்டர் நீளத்துக்கு வளர்ந்து, காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் புழு அது. தமிழில் அதற்கு நரம்புச் சிலந்தி என்று பெயர். மருத்துவ நூல்கள் கினிப் புழு என்கின்றன. இந்தியாவில் அதை ஒழிக்கத் தேசியத் திட்டம் தொடங்கியபோது, நோய் இருந்த 7 மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. இன்று நம் ஊரில் இளம் மருத்துவர்கள்கூட அதைப் பாடப்புத்தகப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

கிணற்றைப் பற்றிப் பேசாமல் கொங்கு நாட்டின் வரலாற்றைப் பேச முடியாது. நொய்யலும் பவானியும் அமராவதியும் தொட்டுச் செல்லும் கரையோரங்கள் போக, மிச்ச நிலமெல்லாம் கிணற்றை நம்பியே பயிர் செய்தது. மேற்கு மலைகள் தென்மேற்குப் பருவமழையை மறித்துவிடுவதால் கோவைச் சமவெளிக்கு மழை குறைவு. கீழே கடும்பாறை. அந்தப் பாறையை உடைத்து ஆழமாகக் கிணறு வெட்டி, இரண்டு எருதுகளைப் பூட்டி, வடத்தில் கட்டிய சாலில் தண்ணீர் மொண்டு கவலை இறைத்த உழவர்களின் உழைப்பு வெள்ளைக்கார அதிகாரிகளையும் வியக்கவைத்தது. 1887இல் கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய ஃபிரெடரிக் நிக்கல்சன் இம்மாவட்டத்தின் மண்ணையும் நீரையும் பயிரையும் விரிவாகப் பதிவுசெய்தவர். அவரே பின்னாளில், 1905இல், சென்னை மாகாண மீன்வளப் பணிக்குத் தலைமையேற்றார். கிணற்று நாட்டில் பணிசெய்த அதிகாரியே தென்னிந்திய மீன்துறைக்கும் அடித்தளம் போட்டார்.

கிணறுகள் எல்லாம் ஒன்றல்ல. கைப்பிடிச் சுவர் கட்டி, மேலே உருளை போட்டு, கயிற்றில் வாளி இறக்கிச் சேந்துவது ஒரு வகை. படிகளில் இறங்கிக் குடத்தைத் தண்ணீரிலேயே அமுக்கி மொள்ளுவது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் மனிதக் கால் தண்ணீரைத் தொடும். நரம்புச் சிலந்திக்கு வேண்டியது அது ஒன்றுதான். பொதுக் கிணற்றை நெருங்கவிடாமல் சாதி விலக்கிவைத்த மக்கள் ஓடைக்கும் குட்டைக்கும் போனார்கள். கரைச்சுவர் இல்லாத தண்ணீரின் ஆபத்து முழுவதும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. தண்ணீரால் வரும் நோய்களின் கதையை எழுதும் யாரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

புழுவின் பிறப்பு ரகசியத்தைக் கண்டறிந்தவர் ரஷ்ய அறிஞர் அலெக்சேய் ஃபெத்சென்கோ. துர்கிஸ்தானில் ஆய்வு செய்த அவர், 1870ஆம் ஆண்டையொட்டி, புழுவின் குஞ்சுகள் சைக்ளாப்ஸ் என்ற மிகச் சிறிய நீருயிருக்குள் புகுந்து வளர்வதைக் கண்டார். இறாலுக்குத் தூரத்து உறவான சைக்ளாப்ஸின் நீளம் 1 அல்லது 2 மில்லிமீட்டர். ஒரு குவளைத் தண்ணீரை வெயிலுக்கு நேரே பிடித்தால் துள்ளும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஃபெத்சென்கோ 1873இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் சிக்கி, 30 வயதுகூட நிரம்பாமல் இறந்துபோனார். 1907இல் பிரிட்டிஷ் அறிஞர் ராபர்ட் லெய்ப்பர் மிச்சத்தை அவிழ்த்தார். வயிற்றில் சுரக்கும் அமிலம் சைக்ளாப்ஸைக் கொன்றுவிடுகிறது, உள்ளே இருக்கும் புழுக்குஞ்சு மட்டும் அந்த அமிலத்தில் உயிரோடு விடுபட்டுக் குடலைத் துளைத்து உடலுக்குள் நுழைகிறது என்று அவர் காட்டினார்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். காலில் ஒரு முள் குத்தினாலே சிவந்து வீங்கிச் சீழ் கட்டி அதை வெளியே தள்ளப் பார்க்கும் உடல், இவ்வளவு நீளமான உயிரை ஓராண்டு எப்படிப் பொறுத்துக்கொள்கிறது?

புழுக்களை எதிர்கொள்ள நம் உடலில் தனிப் படை உண்டு. வைரஸோ பாக்டீரியாவோ வந்தால் வெள்ளணுக்கள் அதை விழுங்கிச் செரித்துவிடும். புழு விழுங்க முடியாத அளவு பெரியது. எனவே ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து அதன் தோலின் மேல் நச்சுப் பொருள்களைக் கொட்டுகின்றன. ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் ஏறுகிறது. கோவையில் ‘ஈஸ்னோபீலியா இருக்குதுங்க’ என்று இருமலோடு சொல்பவர்கள் பேசுவது இதே அணுக்களைப் பற்றித்தான். தூசிக்கும் மகரந்தத்துக்கும் நாம் படும் ஒவ்வாமை, புழுக்களுக்காக உருவான இந்தப் படை தவறான ஆள் மீது பாய்வதால் வருவது என்பது பல எதிர்ப்பியல் அறிஞர்களின் கருத்து.

நரம்புச் சிலந்தி இந்தப் படையை ஏமாற்றுகிறது. உயிரோடு தோலுக்கடியில் நகரும் பெண்புழுவைச் சுற்றி வீக்கமே இருப்பதில்லை. வலியும் இல்லை. ஆண்புழு சில சென்டிமீட்டர்தான். இணைசேர்ந்த பின் உள்ளேயே செத்துவிடும். பெண்புழு திசுக்களின் இடையே மெல்லக் கீழிறங்கிக் கால் பக்கம் வரும். சுமப்பவருக்குத் தெரியாது. இதே புழுவில் ஓபியம் வகையைச் சேர்ந்த வேதிப்பொருள் இருப்பதை 2002இல் ஓர் ஆய்வுக் குழு கண்டறிந்தது. வலியையும் எதிர்ப்பணுக்களின் வேகத்தையும் அமர்த்த அது உதவக்கூடும் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள்.

பிறகு ஒரு நாள் எல்லாம் மாறும். குஞ்சுகளை வெளியேற்றும் பருவம் வந்ததும் புழு தோலுக்கு அருகே வந்து தன் சுரப்புகளை வெளிவிடுகிறது. சில மணி நேரத்துக்குள் உடம்பெங்கும் தடிப்பு, அரிப்பு, வாந்தி, மயக்கம், சிலருக்கு மூச்சிரைப்பு. ஓராண்டாகத் தூங்கிய எதிர்ப்பாற்றல் ஒரே மூச்சில் விழித்துக்கொண்டதன் அடையாளம் இது. காலில் ஒரு கொப்புளம் எழும், நெருப்புப் பட்டதுபோல் எரியும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் வைப்பார். குளிர்ச்சி பட்டதும் கொப்புளம் உடையும், புழு லட்சக்கணக்கான குஞ்சுகளை அந்தத் தண்ணீரில் கக்கும். அவற்றைச் சைக்ளாப்ஸ் தின்னும், இரண்டு வாரத்தில் அவை தொற்றத் தயாராகும், அதே படிக்கட்டில் இன்னொருவர் குடத்தை அமுக்குவார். நோயாளியின் ஒவ்வாமை எரிச்சலையே புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் சேர்க்கும் வாகனமாக ஆக்கிக்கொண்டது.

புழுவைக் குச்சியில் சுற்றி நாளுக்குச் சில சென்டிமீட்டராக இழுப்பதுதான் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒரே வைத்தியம். வாரக்கணக்கில் நடக்கும் வேலை அது. அவசரப்பட்டு இழுத்து அறுந்துவிட்டால், உள்ளே சிந்தும் புழுவின் உடல்நீருக்கு எதிராக எதிர்ப்பாற்றல் மொத்தமாகப் பாயும். வீக்கம், சீழ், மூட்டு முடக்கம், சில வேளை உயிரிழப்பு. வெளியே வராமல் உள்ளேயே செத்த புழுவை உடல் வேறுவிதமாகக் கையாளும்: சுற்றிலும் சுண்ணாம்பு பூசி அடைத்துவிடும். இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய எகிப்தியச் சிறுமி ஒருத்தியின் பதப்படுத்திய உடலை 1975இல் அவிழ்த்தபோது, வயிற்றுச் சுவரில் அப்படிச் சுண்ணாம்பேறிய ஒரு புழு கிடைத்தது.

இந்தியாவில் இந்நோயைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்தவர்களில் பம்பாயில் இருந்த நீல் ஹாமில்டன் ஃபேர்லியும் கிளென் லிஸ்டனும் முக்கியமானவர்கள். 1920களில் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகள் புழுவின் சுரப்புக்கும் உடலின் கொந்தளிப்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தன. மற்றொரு உண்மையும் மருத்துவர்களுக்குத் தெளிவானது. ஒருமுறை வந்தவருக்கு அடுத்த ஆண்டும் வரும், அதற்கடுத்த ஆண்டும் வரும். அம்மை கண்டவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு இதில் கிடைப்பதில்லை. இன்றுவரை தடுப்பூசி இல்லை, புழுவைக் கொல்லும் நம்பகமான மருந்தும் இல்லை.

உடலுக்குள் வெல்ல முடியாத எதிரியைத் தண்ணீரில் வெல்ல வேண்டும் என்று புறப்பட்டவர்களில் ஒருவர் வி.என். மூர்த்தி. கொங்கு நாட்டுக்கு வடக்கே மலைகளைத் தாண்டினால் அன்றைய மைசூர் சமஸ்தானம். அங்கே சித்திரதுர்க்கா மாவட்டத்தின் இரண்டு கிராமங்களில் நரம்புச் சிலந்தியை ஆராய்ந்து 1932இல் அவர் எழுதினார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த டபிள்யூ.சி. ஸ்வீட்டும் அவரும் சேர்ந்து 1936இல் வெளியிட்ட கட்டுரை, மீனைக் கொண்டு நோயைக் கட்டுப்படுத்தும் முறையைப் பற்றியது. படிக்கிணற்றில் சிறு கெண்டை வகை மீன்களை விட்டால் அவை சைக்ளாப்ஸைத் தின்றுவிடும், தொற்றுச் சங்கிலி அறும் என்பது அதன் சாரம். கிணற்றில் கெண்டை விட்ட நம் பெரியவர்களின் பழக்கத்துக்கு அறிவியல் தந்த ஆதரவு என்றே இதைச் சொல்லலாம். மூர்த்தியும் ஸ்வீட்டும் நாய்களுக்குச் சோதனையில் தொற்றை ஏற்படுத்தி, மனிதரில்லாத உடலிலும் புழு வளரும் என்று காட்டினார்கள். மீன் ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம். இரண்டும் ஒரே கதையின் பகுதிகள் என்று தெரிய இன்னும் 75 ஆண்டுகள் தேவைப்பட்டன.

மீனைவிட எளிய காவலும் ஒன்று உண்டு: துணி. நெருக்கமாக நெய்த துணியில் வடிகட்டினால் சைக்ளாப்ஸ் மேலேயே தங்கிவிடும். சிற்றுயிர்களைக் கொல்லக் கூடாது என்பதற்காகத் தண்ணீரை வடிகட்டிக் குடிப்பது சமணர் நெறி. விஜயமங்கலத்தில் இன்றும் நிற்கும் சமணக் கோயில், அந்த நெறி கொங்கில் ஒரு காலத்தில் வேரூன்றியிருந்ததற்குச் சாட்சி. உயிர்க் கருணையால் செய்த காரியம் செய்தவரையும் காத்தது. பிற்காலத்தில் ஆப்பிரிக்கக் கிராமங்களில் நோய் ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாகக் கொடுத்ததும் வடிதுணிதான்.

கோவை நகரம் இந்தப் பழைய தண்ணீரிலிருந்து விடுபட்டது சிறுவாணியால். நகரம் குடிநீருக்குத் தவித்த காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அந்த மலைநீரைக் கொண்டுவர வேண்டும் என்று வற்புறுத்தியவர் சே.ப. நரசிம்மலு நாயுடு. நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியார் காலத்தில், 1920களின் முடிவில், அது நிறைவேறியது. கிராமங்கள் அதற்கு இன்னும் அரை நூற்றாண்டு காத்திருந்தன.

தோட்டக் கிணறுகளின் முகம் மாறியது மின்சாரத்தால். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடமும் பல பட்டறைகளும் பம்பு செய்தன. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே உருவாக்கிய முதல் மின்மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். எருது பூட்டிய கவலை மெல்ல நின்றது. குழாய் உள்ளே இறங்கியது, மனிதக் கால் இறங்குவது குறைந்தது.

குடிநீருக்கு வந்தது அடிபம்பு. தண்ணீர் அடித்து வளர்ந்த கொங்குக்காரர்களில் பலருக்கே அதற்கும் கோவைக்கும் உள்ள உறவு தெரியாது. 1967இல் பீகார் வறட்சிக்குப் பிறகு யுனிசெஃப் நிறுவனம் கடும்பாறையைத் துளைக்கும் இயந்திரங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டார்கள், மேலே பொருத்திய வார்ப்பிரும்புப் பம்புகளோ சில மாதங்களில் உடைந்தன. 1974 வாக்கில் பார்த்தபோது பெரும்பாலானவை ஓடவில்லை. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் உருவான ஒரு நல்ல பம்பை அடிப்படையாக வைத்து, யுனிசெஃபும் சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் நிறுவனமும் புதிய பம்பு ஒன்றை வடிவமைத்தன. அதுதான் இந்தியா மார்க் 2. முன்மாதிரிகளைச் சோதிக்க அவர்கள் தேர்ந்த இடம் கோவை வட்டாரம். காரணம், தண்ணீர் மிக ஆழத்தில் இருந்தது, நாள் முழுக்க அடிக்க ஆட்களும் இருந்தார்கள். இங்கே தாக்குப்பிடிக்கும் பம்பு எங்கேயும் தாக்குப்பிடிக்கும். 1976, 1977இல் நடந்த அந்தச் சோதனையில் பம்பு தேறியது. 1983 முதல் உலக வங்கியின் ஆதரவோடு மறுபடியும் கோவையில் நடந்த களச் சோதனைகளிலிருந்து, கிராமத்திலேயே பழுது பார்க்க வசதியான மார்க் 3 பிறந்தது. பல லட்சம் மார்க் 2 பம்புகள் இந்தியாவெங்கும் பரவி, ஆப்பிரிக்காவுக்கும் போயின. துளை போடும் ரிக் லாரிகளோ திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி, ராஜஸ்தான் பாலைவனம் வரை போகின்றன. அடிபம்பின் குழாய்க்குள் யாரும் காலை நனைக்க முடியாது. சைக்ளாப்ஸும் புகாது. நரம்புச் சிலந்தியை வென்றதில் கொங்கு நாட்டின் உண்மையான பங்கு இந்த இரும்பில் இருக்கிறது.

1983-84இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது நாட்டில் சுமார் 40,000 நோயாளிகள் இருந்தார்கள். 12,000க்கும் மேற்பட்ட கிராமங்களில் நோய் பரவியிருந்தது. படிக்கிணறுகளைச் சேந்துகிணறுகளாக மாற்றினார்கள், சைக்ளாப்ஸைக் கொல்ல நீரில் டெமிஃபாஸ் மருந்து கலந்தார்கள், வடிதுணி கொடுத்தார்கள், அடிபம்பு போட்டார்கள். எல்லாருக்கும் முன்னால், 1980களின் நடுப்பகுதிக்குள், தமிழ்நாடு நோயற்ற மாநிலமானது. கடைசி இந்திய நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் காணப்பட்டார். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்று கொடுத்தது.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் பத்தாண்டுகள் ஒரு நோயாளிகூட இல்லாமல் இருந்து, 2010இல் மறுபடியும் புழு தலைகாட்டியது. ஒரே குளத்தில் குடித்தவர்கள் கூட்டமாகப் பாதிக்கப்படுவதுதான் வழக்கம். சாட்டிலோ அங்கொருவர் இங்கொருவராக இருந்தார்கள். 2012 முதல் நாய்களின் கால்களில் புழுக்கள் வந்தன, நூற்றுக்கணக்கில். ஷாரி ஆற்றங்கரையில் மீன்பிடிக் காலத்தில் மீன்களை அறுத்துக் குடலை வீசுவார்கள், நாய்கள் தின்னும். சைக்ளாப்ஸை விழுங்கிய மீனின் உடலில் புழுக்குஞ்சு தங்கி, அதைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்ற உயிருக்குப் போகிறது என்று ஆய்வாளர்கள் 2014இல் முன்வைத்தார்கள். பின்வந்த சோதனைகள் மீனும் தவளையும் இப்படிச் சுமக்கும் என்று உறுதிசெய்தன. தண்ணீர் நோய் என்று நினைத்தது மீன் வழியாகவும் வரும் என்று தெரிந்தது.

அப்படியானால் மூர்த்தி செய்தது தவறா? இல்லை. கிணற்றில் விட்ட சின்னக் கெண்டை சைக்ளாப்ஸைத் தின்றது உண்மை, அதனால் குடித்தவர்கள் பிழைத்ததும் உண்மை. அந்த மீனை யாரும் பச்சையாகத் தின்னவில்லை. கொங்குச் சமையலில் டேம் மீனோ குளத்து மீனோ, புளியும் மிளகாயும் சேர்ந்து கொதிக்கும் குழம்பில் முழுக்க வெந்த பிறகே இலைக்கு வரும். மீன் வழிப் புழுக்கள் தமிழகத்தில் அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மீன்வழி நாடாப்புழு ஒரு மனிதரிடம் இருந்ததை இந்தியாவில் முதன்முதலாக வேலூர் மருத்துவர்கள் பதிவுசெய்ததே 1998இல்தான்.

வேறு நாடுகளின் அனுபவம் கடுமையானது. பச்சை ஹெர்ரிங் மீன் தின்ற நெதர்லாந்துக்காரர்களின் குடலில் 1960 வாக்கில் கண்டறியப்பட்ட அனிசாக்கிஸ் புழு, நரம்புச் சிலந்திக்கு நேரெதிராக நடந்துகொள்கிறது. மனித உடலில் அது வளர முடியாது, சில நாளில் சாகும். அதற்குள் வயிற்றுச் சுவரைக் குத்தி ஈசினோபில்களை வரவழைத்துவிடும். ஒருமுறை விழித்த எதிர்ப்பாற்றல் அதன் புரதங்களை நினைவில் வைத்திருக்கும். சில புரதங்கள் சூட்டையும் தாங்குவதால், பின்னொரு நாள் வெந்த மீனில் செத்த புழு இருந்தாலே சிலருக்குத் தடிப்பும் மூச்சுத்திணறலும் வரும். தாய்லாந்தின் வடகிழக்கில் பச்சை ஆற்றுமீன் வழியே ஈரலுக்குப் போகும் தட்டைப்புழு பல ஆண்டுகள் பித்தநாளத்தில் அழற்சியைக் கிளறி, புற்றுநோய் வரை கொண்டுபோகிறது.

கோவையிலும் இன்று சுஷி கிடைக்கிறது. பச்சையாகப் பரிமாறும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு நெறி. உணவகத்தில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது சாப்பிடுபவரின் உரிமை. நொய்யல் குளங்கள் மறுபடி தூர்வாரப்பட்டு நிறைகின்றன, மீன்குஞ்சுகள் விடப்படுகின்றன. மகிழ வேண்டிய செய்தி. கரையில் மீன் அறுப்பவர்கள் குடலை நாய்க்கு வீசாமல் புதைத்துவிட வேண்டும். தோட்டத்துப் பழங்கிணறுகளைக் குப்பை கொட்டி மூடாமல், சுவர் கட்டி வலை போட்டுக் காப்பாற்ற வேண்டும். 1986இல் உலகில் 35 லட்சம் பேரைப் பிடித்திருந்த நரம்புச் சிலந்தி, 2024இல் 15 பேரிடம் மட்டும் காணப்பட்டது. அதே ஆண்டில் 600க்கும் மேற்பட்ட விலங்குகளிடம் அது இன்னும் உயிரோடு இருந்தது.